ஏபியு2-க்கு 2.5ஜி: உள்ளே செருகுவதா, வெளியே தொங்கவிடுவதா?

வீட்டு ரவுட்டர் கட்ட உதவும் குட்டிக் கணினியான பிசி எஞ்சின்ஸின் ஏபியு2 பலகையை வாங்கியவர்கள் லேசில் விடமாட்டார்கள். விசிறி இல்லை, மின்சாரம் அதிகம் குடிக்காது, ஜிகாபிட் போர்ட் மூன்று. 2.5ஜி, அதாவது விநாடிக்கு 2.5 ஜிகாபிட் ஓடும் கேபிள் இணைப்பு மீது ஆசை வந்தால்தான் தலைவலி.

முதல் வழி, பலகையில் கூடுதல் கார்டுக்காக இருக்கும் மினி பிசிஐஇ ஸ்லாட்டில் செருகும் ரியல்டெக் ஆர்டிஎல்8125 சிப் கொண்ட 2.5ஜி கார்டு. கேபிள் மாட்டும் போர்ட் தனியாக ஒரு குட்டிப் பலகையில் வரும். அதற்குப் பெட்டியில் ஓட்டை போட வேண்டும். போடும்போது பலகையைக் கழற்றி வையுங்கள், அலுமினியத் தூள் சும்மா இருக்காது. ஸ்லாட்டில் இருப்பது ஒரே லேன், அதாவது ஒரே தரவுப் பாதை. பிசிஐஇ-யின் இரண்டாம் தலைமுறையான ஜென்2-இல் இணைந்தால் குறியாக்கச் செலவு போக 4 ஜிகாபிட் மிஞ்சும். ஜென்1 என்றால் 2 ஜிகாபிட்தான், கார்டே அதைவிட வேகம். லினக்ஸில் பிசிஐஇ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் லிங்க் ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்கள்: 5 ஜிடி (ஸ்லாட் வேகத்தின் அளவு) இருக்க வேண்டும். 2.5 ஜிடி என்று பார்த்துவிட்டு "ஆஹா, 2.5ஜி வந்துவிட்டது" என்று மகிழ்பவர்கள் உண்டு, அதுதான் ஜென்1! லினக்ஸில் டிரைவர் தொல்லை குறைவு. ஓபிஎன்சென்ஸ் என்ற ரவுட்டர் மென்பொருளில் ரியல்டெக் பிளகினைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, யுஎஸ்பி 3.0 போர்ட்டில் வெளியே தொங்கும் 2.5ஜி டாங்கிள். ஓட்டையும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். லேப்டாப்புக்கு அருமை. ரவுட்டருக்கு நான் போடமாட்டேன்: பெட்டியைத் துடைக்கும்போது கை பட்டால் வீட்டுக்கே இணையம் போய்விடும்.

ஆனால் இரண்டுக்கும் பொதுவான முட்டுக்கட்டை பலகையின் 1 கிகாஹெர்ட்ஸ் ஏஎம்டி சிப். அதே வகை ரவுட்டர் மென்பொருளான பிஎஃப்சென்ஸில் ஒற்றை டவுன்லோடுக்கு முழு ஜிகாபிட்டை ஓட்டவே அது திணறும். 2.5ஜி கார்டைச் செருகினால் லிங்க் விளக்கு எரியும், அவ்வளவுதான். அந்த நிறுவனமும் 2023-இல் இந்த வரிசைக்கு முடிவு அறிவித்துவிட்டது.

அதனால் என் ஓட்டு மூன்றாவதற்கு: பழைய லெனோவோ எம்720க்யூ குட்டிக் கணினி, அதில் கார்டு செருக இடம் தரும் ஒரு ரைசர், இன்டெல் எக்ஸ்520 நெட்வொர்க் கார்டு. 10ஜி போர்ட் இரண்டு கிடைக்கும். ரைசர் 2.5 அங்குல டிஸ்க்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே பலகையிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி கட்டாயம். கார்டு நன்றாகவே சுடும். விசிறிச் சத்தமும் உண்டு, கரண்ட் பில்லும் கொஞ்சம் ஏறும். பக்கத்திலேயே ஸ்விட்ச் இருந்தால் இரு முனையிலும் இணைப்பான் பொருத்தியே வரும் செம்புக் கேபிளான டேக் கேபிள் போடுங்கள். சாதாரண லேன் கேபிள் மாட்ட உதவும் ஆர்ஜே45 மாட்யூல் தன் பங்குக்கு இன்னும் சூடேற்றும்.

என் ஏபியு2 இப்போது டிஎன்எஸ் வேலை, அதாவது இணையதளப் பெயருக்கு முகவரி தேடித் தருவதை மட்டும் பார்க்கிறது. அதற்கு ஜிகாபிட்டே அதிகம்.