நுரையீரல் தமனியில் ஓர் அழுத்த உணரி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இதயச் செயலிழப்பு உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, காலையில் பார்க்கும் எடையும் மாலையில் பார்க்கும் கால் வீக்கமும்தான் வழக்கமான அடையாளங்கள். என் அப்பாவின் விஷயத்தில் இவ்விரண்டும் எப்போதும் தாமதமாகவே எச்சரித்தன. எடை கூடியிருப்பதை நாங்கள் கவனிப்பதற்குள் அவரால் இரவில் படுக்க முடியாமல் போய்விடும். மறுநாளே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும். உடலில் நீர் தேங்கி மூச்சு திணறுவதற்கு நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் முன்பே, இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறத் தொடங்கிவிடுகிறது. அந்த ஏற்றத்தை அளப்பதற்காகவே உருவான கார்டியோமெம்ஸ் உணரியை அவருக்குப் பொருத்தி ஓராண்டு ஆகிறது.

உணரியின் நீளம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர்தான். அதில் பேட்டரியும் இல்லை, வெளியே நீளும் கம்பியும் இல்லை. உள்ளே இருக்கும் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைக்கு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பதிலளிக்கின்றன. ரத்த அழுத்தம் மாறும்போது அந்த அதிர்வெண்ணும் மாறுவதால், வெளியிலுள்ள கருவி அதை அழுத்த அளவாகக் கணக்கிட்டு மருத்துவக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறது. தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்திப் பொருத்துவதால் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் பொருத்திய பிறகு ஒரு மாதமாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுக்க வேண்டும் என்பதால், அவற்றை ஏற்க முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

தினமும் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அப்பா காலையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆன்டெனா பொதிந்த தலையணையின் மேல் முதுகு படும்படி படுத்துப் பொத்தானை அழுத்துவார். பதிவு முடியும்வரை அசையமாட்டார். முதல் வாரம் தலைக்கு வைக்கும் தலையணையைப் போலவே அதை வைத்துக்கொண்டதால் சமிக்ஞை கிடைக்கவில்லை. அது எங்கள் தவறு. சற்றுக் கீழே நகர்த்தியதும் சரியாகிவிட்டது. மல்லாந்து படுக்கவே முடியாதவர்களுக்கு, உட்கார்ந்தபடி மார்பில் வைத்து அளக்கும் கையடக்கக் கருவியுடன் கூடிய கார்டெல்லா என்ற உணரிக்கு 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

ஆய்வுகளைப் பொறுத்தவரை, 550 நோயாளிகளைக் கொண்ட சாம்பியன் ஆய்வில் மருத்துவமனைச் சேர்க்கை தெளிவாகக் குறைந்தது. 2014இல் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது. 2021இல் வெளியான கைடு-எச்எஃப் ஆய்வில், முதன்மையாக நிரூபிக்க நினைத்த பலன் தற்செயலாக வந்ததல்ல என்று புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வின் நடுவே கொரோனா பெருந்தொற்று குறுக்கிட்டது. 2023இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, சேர்க்கைகளும் குறைந்தன.

எங்கள் வீட்டில் இதன் பயனை நான் நேரில் உணர்ந்தது நான்காம் மாதத்தில். அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நாளில் செவிலியர் அழைத்து, அழுத்தம் ஐந்து நாட்களாக ஏறிவருகிறது, நீர் மாத்திரையைக் கூட்ட மருத்துவர் சொல்கிறார் என்றார். "எனக்கு ஒன்றுமில்லையே" என்று அப்பா கோபித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அழுத்தம் இறங்கியது. மருத்துவமனைக்குப் போகும் தேவையே வரவில்லை.

ஆனால் ஏழாம் மாதத்தில், அந்தச் செவிலியர் விடுப்பில் இருந்தபோது, எங்கள் மருத்துவக் குழுவில் வேறு யாருமே பதிவுகளைத் திறந்து பார்க்கவில்லை. உணரி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பார்ப்பதற்கு ஆள் இல்லை. அப்பாவின் கால் வீங்கியதைக் கண்டு நாங்களாகவே அழைத்தோம். இந்த உணரி எந்த நோயையும் தானாகக் குணப்படுத்துவதில்லை. எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றும் மனிதர்தான் அதன் மறுபாதி. ஆகவே பொருத்திக்கொள்ள முடிவெடுப்பவர்கள் கருவியைப் பற்றி விசாரிக்கும் அதே அக்கறையோடு, விடுமுறை நாட்களில் பதிவுகளை யார் பார்ப்பார்கள், எத்தனை மணி நேரத்துக்குள் அழைப்பார்கள் என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இப்போது மாற்றாக இன்னொரு செவிலியர் இருக்கிறார். அவருடைய எண்ணைத் தலையணைக்கு அருகிலேயே பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.