‘லாஞ்ச் பேக்கேஜ்’ என்று யாராவது சொன்னால், முதலில் ஃப்ளைவீலைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள்

மேனுவல் கியர் காரை டிராக் ரேஸுக்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் ஓடும் கால் மைல் பந்தயத்துக்கு, கொண்டுபோகிறவர்களுக்கு இந்தப் பதிவு. நின்ற காரைக் கிளப்புவதுதான் ‘லாஞ்ச்’. ஃப்ளைவீல் என்பது இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம், கிளட்ச் அதில்தான் பிடிக்கும். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். பெயர் வேறாக இருந்தாலும் இதே வித்தையைச் செய்யும் கடைகள் இருக்கும். ஆகவே வித்தையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் கார் பின்சக்கர இழுவை. 2 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது, எடை சுமார் 1200 கிலோ. கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, 15.4 வினாடியில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் 60 அடிக்கு மட்டும் 2.35 வினாடி. அதே காரை அதே டயரில் வைத்துக்கொண்டு 2.15 போடுகிறவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். முதல் 60 அடியில் 0.1 வினாடி குறைத்தால் கால் மைல் முடிவில் 0.15 வினாடியோ அதற்குச் சற்று மேலோ குறையும் என்பது டிராக்கில் பழகியவர்கள் சொல்லும் கணக்கு. எனக்கு அந்த 60 அடி பைத்தியமாகவே ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டிராக்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தரும் நேரச் சீட்டான என் டைம் ஸ்லிப்பை வாங்கிப் பார்த்தார். "தம்பி, உங்க கால்ல ஒரு குறையும் இல்ல. கம்பெனி கிளட்ச்சும் ஃப்ளைவீலும்தான் உங்களப் பிடிச்சு இழுக்குது" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கே நான் விழுந்துவிட்டேன். என் இடது காலில் குறை இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் பல மாதங்களாகக் காத்திருந்தேன் போல.

பேக்கேஜில் மூன்று சாமான். ஒன்று, செராமிக் பக் கிளட்ச். வட்டமான லைனிங்குக்குப் பதிலாக நான்கு திட்டுகள் மட்டும் இருக்கும், நடுவில் ஸ்பிரிங் இல்லாத முழு இரும்பு ஹப். இரண்டு, 4.5 கிலோ எடையுள்ள ‘ஃபோர்ஜ்டு ஸ்டீல்’ ஃப்ளைவீல். மூன்று, 2-ஸ்டெப் பெட்டி. கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினாலும், செட் செய்த ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) மேல் போகாமல் இக்னிஷனை வெட்டி வெட்டிப் பிடிக்கும். படபடவென்று சத்தம் வரும், கேட்கக் கம்பீரமாக இருக்கும். இக்னிஷன் வெட்டுப்படும்போது எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் எரிகிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதைத் தாங்காது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பல மாதச் சேமிப்பு அன்றே கைமாறியது.

வேலை முடிந்ததும் அவரே ஒரு சோதனை செய்து காட்டினார். கடைக்குப் பின்னாலுள்ள நீண்ட காலி இடத்தில், ஜிபிஎஸ் கருவியைக் கண்ணாடியில் ஒட்டி, பேக்கேஜுக்கு முன்பு 0–100 கி.மீ. வேகத்துக்கு 8.6 வினாடி என்று எடுத்திருந்தார். பிறகு எடுத்தது 8.1. "பார்த்தீங்களா தம்பி, அரை செகண்ட்!" நானும் கைகொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த அரை வினாடியின் கதை எனக்கு மூன்று வாரம் கழித்து, அந்த ஜிபிஎஸ் கருவியின் செயலியில் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் ஓட்டத்தில் ‘1 அடி ரோல்அவுட்’ அணைந்திருந்தது. இரண்டாவதில் அது போட்டிருந்தது. அதாவது, கார் நகர்ந்து முதல் ஓர் அடியைக் கடந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வேகம் கூட்டும் கார் அந்த ஓர் அடியைக் கடக்கவே ஏறக்குறைய 0.35 வினாடி பிடிக்கும். அந்தக் காலம் கணக்கிலேயே சேராது. மிச்சத்துக்கு, இரண்டாவது ஓட்டம் எதிர்த்திசையில். செயலியின் உயரக் கோடு மெல்லக் கீழே சாய்ந்துகொண்டு போகிறது. ஆக, சரிவில் இறங்கிக்கொண்டே ஓர் அடியை இலவசமாக வாங்கியதுதான் பேக்கேஜ் தந்த அரை வினாடி.

ரோல்அவுட்டே மோசடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிராக்கிலும் அப்படித்தான், முன்டயர் தொடக்கக் கோட்டிலுள்ள ஸ்டேஜ் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகே ஈ.டி. (ஓட்ட நேரம்) கடிகாரம் ஓடும். (பச்சை விளக்கு எரிந்து நீங்கள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்பினாலும் ஈ.டி. மாறாது, ரியாக்‌ஷன் டைம்தான் கெடும். இதையே நான் வெகுநாள் குழப்பிக்கொண்டிருந்தேன்.) முதல் அளவை ஒரு முறையிலும் இரண்டாவதை இன்னொரு முறையிலும் எடுத்து அருகருகே வைப்பதுதான் திருட்டு.

அடுத்த டிராக் நாள். 2-ஸ்டெப்பை 5500-இல் செட் செய்து கொடுத்திருந்தார். "காலை அப்படியே விட்ருங்க தம்பி, மிச்சத்த பெட்டி பாத்துக்கும்" என்பது உபதேசம். முதல் ஓட்டத்தில் டயர் புகைந்து கார் நின்ற இடத்திலேயே ஆடியது, 60 அடி 2.61. இரண்டாவதில் 3500-க்கு இறக்கிப் பார்த்தேன். இந்த முறை டயர் பிடித்தது, இன்ஜின் மூச்சடைத்து விழுந்தது, 2.52. மூன்றாவதில் மறுபடி 5500. பின்பக்கம் முழுவதும் தடதடவென்று குதித்தது, வீல் ஹாப். காலை எடுக்க வேண்டிய இடம் அதுதான், நான் எடுக்கவில்லை. டமார் என்றது. வலது பின் ஆக்சிலின் ஜாயின்ட் உடைந்து, காரைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரம் சேர்த்தோம்.

இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் பெரியவர். ஆக்சிலைப் பார்க்க வந்தவர், கிளட்ச் கடிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்பா, எனக்கு மனசு ஒப்பல" என்றார். இறக்கினார். ஃப்ளைவீலைக் கழற்றித் திருப்பி வைத்து, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஸ்டார்ட்டர் பல்வளையத்தில் விரலை வைத்து, "இத பாரு" என்றார். எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் பற்கள் தேய்ந்திருந்தன. நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் அந்த இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஆகவே வருடக்கணக்கில் ஸ்டார்ட்டர் அந்த இரண்டு இடத்தையே கடிக்கும். மாட்டி ஒரு மாதமே ஆன புது ஃப்ளைவீலுக்கு அந்தத் தேய்மானம் எங்கிருந்து வரும்? பின்பக்கம் கார் கம்பெனியின் வார்ப்பு எண் அப்படியே இருந்தது. ஓரத்தில் லேத் கோடுகள். தராசில் 6.6 கிலோ.

என் பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்துச் சீவி, அதை எனக்கே புது ஸ்டீல் ஃப்ளைவீல் என்று விற்றிருக்கிறார். பேலன்ஸ் பார்த்ததற்கான துளை ஒன்றுகூட இல்லை. போல்ட்டுகளும் பழையவை, என் இன்ஜினில் அவை ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகை, கழற்றினால் தூக்கிப் போட வேண்டியவை.

பணம் போனதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுழலும் சக்கரத்தில் இருப்பது இழுப்புதான், அதுவும் வேகத்தின் இருமடிப் படி ஏறும். 3500 ஆர்பிஎம்மில் உள்ளதைவிட 7000-இல் நான்கு மடங்கு. ஏற்கெனவே சூடேறி நுண்விரிசல் விட்டிருக்கக்கூடிய பழைய சக்கரத்தைச் சீவி மெலிதாக்கி, அதை 2-ஸ்டெப்பில் 5500-இல் பிடித்து நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது வெடித்தால் கிளட்ச் உறையைக் கிழித்துக்கொண்டு வரும் இடம் ஓட்டுபவரின் பாதம். ரேஸ் ஃப்ளைவீலுக்கும் கிளட்ச்சுக்கும் எஸ்எஃப்ஐ என்ற ரேஸ் பாகத் தர அமைப்பின் 1.1 தரச்சான்று இருப்பதும், வேகமான கார்களுக்குக் கிளட்ச்சைச் சுற்றி எஃகுக் கவசம் கேட்பதும் இதற்காகத்தான்.

பெரியவர் அன்று இன்னொரு விஷயமும் சொன்னார். சரி, அவர் ஒழுங்கான ஃப்ளைவீலே போட்டிருந்தாலும் என் காருக்கு அது லாஞ்ச்சுக்கு உதவாது என்றார். கணக்குப் போட்டும் காட்டினார். முதல் கியர் 3.6, ஃபைனல் 4.1, டயர் ஒரு சுற்றுக்கு 1.95 மீட்டர். 5000 ஆர்பிஎம்முக்குக் கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால்தான் இன்ஜினும் சக்கரமும் ஒத்துப்போகும். நின்ற காரில் வேகம் பூஜ்யம். இடையில் உள்ள அந்த வித்தியாசத்தை யாராவது வழுக்கிச் சரிக்கட்ட வேண்டும். ஒன்று கிளட்ச் வழுக்கணும், இல்லை டயர் வழுக்கணும், இல்லை இன்ஜின் விழணும். மூன்றும் நடக்காவிட்டால் ஏதாவது உடையும். "உன் கிளட்ச்சு வழுக்கவே வழுக்காது. அதான் ஒரு ஓட்டத்துல டயரு, ஒரு ஓட்டத்துல இன்ஜினு, கடைசில ஆக்சில்." என் மூன்று ஸ்லிப்புகளையும் ஒரே மூச்சில் விளக்கிவிட்டார்.

ஃப்ளைவீல் ஒரு சேமிப்புப் பெட்டி மாதிரி. நிற்கும்போது அதில் சேர்த்துவைத்த ஆற்றல்தான் கிளட்ச் கடிக்கும் அந்த நொடியில் காரைத் தள்ள உதவுகிறது. இலேசாக்கினால் சேமிப்பு குறையும். டார்க் (முறுக்கு விசை) குறைந்த இன்ஜினில் ஆர்பிஎம் தொப்பென்று விழும். ஓடத் தொடங்கிய பிறகு இலேசான ஃப்ளைவீல் நன்றாக முடுக்கும் என்பது உண்மை. ஆனால் நான் காசு கொடுத்தது முதல் 60 அடிக்கு. ஸ்பிரிங் ஹப் இல்லாததால் அதிர்ச்சியெல்லாம் நேராக கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் போனது தனிக் கதை.

கடைக்காரரிடம் ஃப்ளைவீலைத் தூக்கிக்கொண்டுபோனேன். "அண்ணே, இது என்னோட பழசுதானே?" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு, "ரேஸ் சாமானுக்கு வாரண்டி கிடையாது தம்பி, நீங்க ஓட்டின விதம் சரியில்ல" என்றார். காலில் குறையே இல்லை என்று சொன்ன அதே வாய். பில்லை நீட்டினேன். அதில் ‘லாஞ்ச் பேக்கேஜ் 1’ என்று ஒரே வரி. பாகத்தின் எண் இல்லை, எடை இல்லை, ஸ்டீல் என்ற சொல்லும் இல்லை. எதை வைத்து வாதாடுவது? ஃப்ளைவீலை "செக் பண்ணிச் சொல்றேன், வெச்சிட்டுப் போங்க" என்றார். கையிலிருந்த ஒரே சாட்சி அது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பணம் வரவில்லை.

இப்போது காரில் இருப்பது கம்பெனி ஃப்ளைவீல், ஸ்பிரிங் ஹப் உள்ள ஆர்கானிக் கிளட்ச், கம்பெனியினுடையதைவிடக் கொஞ்சம் அழுத்தம் கூடிய கிளட்ச் மூடி (பிரஷர் பிளேட்). அவசரப்படாமல் சில நூறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டிப் பதப்படுத்தினேன். பின்பக்கத்தில் நைந்துபோயிருந்த ரப்பர் புஷ்களை மாற்றினோம். வீல் ஹாப்பில் பாதி அங்கேயே போய்விட்டது. மிச்சமெல்லாம் காசு கேட்காத வேலை. குதிகாலைத் தரையில் ஊன்றி, முழுக் காலையும் தூக்காமல் பாதத்தை மட்டும் சாய்த்துப் பெடலை விடும்படி சீட்டை நகர்த்தினேன். ஆக்சிலரேட்டரை உறுமவிட்டு உறுமவிட்டுப் பிடிக்காமல் 3800-இல் அசையாமல் வைத்தேன். கிளட்ச்சைக் கடிக்கும் இடம்வரை சட்டென்று விட்டு, அங்கிருந்து ஒரு வினாடிபோல வழுக்கவிட்டு, கார் வேகம் பிடிக்கப் பிடிக்க முழுக்க விடுவது. ஒரு நாளில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது: ஒரு ஓட்டத்துக்கு 200 ஆர்பிஎம், அல்லது பின்டயரில் 2 பிஎஸ்ஐ. சாலை டயர் என்பதால், டயரை நனைத்துச் சுழற்றிச் சூடேற்றும் தண்ணீர்க் குழியைச் சுற்றிக்கொண்டு போகிறேன். டயரின் பள்ளங்களில் ஏறும் தண்ணீர் தொடக்கக் கோடுவரை கூடவே வரும். இரண்டு ஓட்டத்துக்கு நடுவே, நியூட்ரலில் போட்டுப் பெடலில் இருந்து காலை எடுத்து, கிளட்ச் ஆறும்வரை காத்திருக்கிறேன். போன முறை 60 அடி 2.17.

புதிதாக யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கப் போகிறவர்கள், கழற்றிய பழைய பாகங்கள் கைக்கு வரும்வரை காசை முழுக்கக் கொடுக்காதீர்கள். ஃப்ளைவீலை மாட்டும் முன் உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள், பல்வளையத்தைத் தடவிப் பாருங்கள், இருபக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் எழுதப்பட வேண்டும். சோதனை ஓட்டம் காட்டினால், ரோல்அவுட் இரண்டு முறையும் ஒரே மாதிரி இருந்ததா, ஒரே திசையா என்று அங்கேயே செயலியைத் திறந்து பாருங்கள். அதையும்விட நல்லது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டிராக்கின் ஸ்லிப்பையே ஒப்பிடுவது.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஒற்றை வரி பில்லோடு இப்படியொரு ‘இலேசான ஃப்ளைவீல்’ மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தால், கியர்பாக்ஸை இறக்கி அதன் பின்பக்க எண்ணைப் பார்க்கும்வரை டிராக் பக்கம் போகாதீர்கள், சாலையிலும் ஆர்பிஎம்மை ஏற்றாதீர்கள், 2-ஸ்டெப்பின் வயரை இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.