நாற்பதை நெருங்கும்போது எலெக்ட்ரீஷியன் ஆக: ஐடிஐயா, மேஸ்திரியா, 30 நாள் பயிற்சியா?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைகளில் வருடக்கணக்காக உழைத்துவிட்டு, இனி வயரிங் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கற்கலாம். எந்த வழியில் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் ஐடிஐ. வேலூருக்கு அப்துல்லாபுரத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் பிரிவு 2 வருடம். பத்தாவது தேறியிருக்க வேண்டும். அரசு ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை; இது பலருக்குத் தெரிவதில்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அது ஒரு கேஸ் சிலிண்டருக்கே போதாது. பகல் முழுக்க வகுப்பு என்பதால், வீட்டில் இன்னொரு சம்பளம் வந்தால்தான் இந்தப் பேச்சு.

அடுத்தது, மேஸ்திரியிடம் ஹெல்பராகச் சேர்வது. அன்றன்றைக்குக் கூலி கிடைக்கும். காட்பாடியில் ஒரு கன்சீல்டு வேலை, அதாவது சுவருக்குள் மறைத்துப் போடும் வயரிங் என்றால் முதலில் உங்களுக்குக் கிடைப்பது சுவர் வெட்டுவதும் பைப் பதிப்பதும்தான். அப்புறம் ஸ்பிரிங் விட்டு வயர் இழுப்பது. லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 ஸ்கொயர் (வயரின் பருமன், சதுர மில்லிமீட்டரில்) என்பது கைக்குத் தானாகப் பழகிவிடும்.

பழகாதது ஏன், எதற்கு என்கிற விஷயம். புது வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டதும், லைட் ஸ்விட்சைத் தட்டும்போதெல்லாம் டிரிப் ஆகிறது என்று வையுங்கள். வயர் மட்டும் இழுத்துப் பழகியவர் 'பீஸ் சரியில்லை' என்று ஆர்சிசிபியை மாற்றச் சொல்வார். பெரும்பாலும் அதன் மேல் குற்றமிருக்காது. ஏதோ ஒரு பாக்ஸில் அந்த லைட்டின் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போகும் வயரை), ஆர்சிசிபிக்கு வெளியே ஓடும் இன்னொரு நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். போன கரண்ட் அதே வழியாகத் திரும்பாவிட்டால் அது கசிவு என்றே ஆர்சிசிபி எடுத்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசமே அதற்கு அதிகம். ஐடிஐயில் படித்தவருக்கு இது கணக்கு. மற்றவருக்கு மேஸ்திரி வாயைத் திறந்தால் உண்டு.

மேஸ்திரி வழியிலும் காகிதம் வாங்கலாம். 21 வயது நிறைந்து, 5 வருட வயரிங் அனுபவம் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். உச்ச வயது வரம்பு இல்லை. சிக்கல் அனுபவச் சான்றில் இருக்கிறது. வாய்மொழியாக 'நம்ம பையன்தான்' என்று சொன்னால் எடுபடாது, எழுத்தில் வேண்டும். அதனால் சேரும்போதே, மின் ஒப்பந்த உரிமம் உள்ளவரா, பின்னால் சான்று தருவாரா என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களின் ஹவுஸ் வயரிங் வகுப்பு. 30 நாள், சாப்பாட்டோடு இலவசம். இதை மட்டும் நம்பி அடுத்தவர் வீட்டு மெயின் போர்டைத் திறக்காதீர்கள். ஆனால் டெஸ்டர் பிடிக்கவே தெரியாதவருக்கு நல்ல ஆரம்பம்.

குடும்பத்தைத் தாங்கும் ஆளுக்கு நான் சொல்வது: முதலில் 30 நாள் வகுப்பு, அப்புறம் உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரிடம் வேலை, கூடவே ஐடிஐ தியரி புத்தகம் ஒன்று. தொழிற்சாலை வேலைதான் குறி என்றால் இது உதவாது. அங்கே ஐடிஐ சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் பெண்களும் ஐடிஐ விண்ணப்பத்தையே முதலில் வாங்கட்டும்.