பின் சீட்டைத் தூக்கிப் பார்க்காமல் பழைய பென்ஸ் வாங்காதீர்கள்

2024 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பழைய கார் யார்டில் 4 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்து 1996 மாடல் மெர்சிடிஸ் ஈ220 ஒன்றை வாங்கினேன். இப்போது அது கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டாஷ்போர்டு கழற்றப்பட்டு நிற்கிறது. யார்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பலகையைத்தான் மாற்றுவார்கள். அவர்கள் என்னை எப்படி ஏமாற்றினார்கள், நான் எங்கெங்கே கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் பலவீனம். டபிள்யூ124 என்ற இந்த மாடல்தான் 1995-இல் மெர்சிடிஸ் புனேயில் டெல்கோவோடு (இப்போதைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து இந்தியாவில் பாகங்களைக் கோத்து விற்ற முதல் கார். அப்பா மில்லில் ஃபிட்டர். முதலாளியின் வெள்ளை பென்ஸ் மழையில் கேட்டுக்குள் நுழையும்போது அந்த ஒற்றை வைப்பர் கண்ணாடியின் இரண்டு மூலைக்கும் எட்டி எட்டித் துடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் கார் பார்க்கப் போகும்போது கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் என்னைவிட மோசம்.

யார்டில் வண்டி பளபளவென்று நின்றது. மீட்டரில் 82,000 கிலோமீட்டர். "சிங்கிள் ஓனர் டாக்டர் வண்டி சார், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு" என்றார் விற்றவர். ஆர்.சி.யில் நான்காவது உரிமையாளர் என்று இருந்ததைக் காட்டினேன். "டாக்டர், அவர் சம்சாரம், பையன், அப்புறம் நாங்க. ஒரே குடும்பம்தானே சார்!" நானும் சிரித்துவிட்டேன். அந்த இடத்திலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

பானெட்டில் கை வைத்தபோது சூடாக இருந்தது. காலையில் யாரோ ஓட்டிப் பார்த்தார்களாம். ஏசி பல் கிட்டும் அளவுக்குக் குளிர்ந்தது. உள்ளே மல்லிகை சென்ட் வாசனை தூக்கியடித்தது. டயர் பட்டன் நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. பேரம் முடிந்து 3 லட்சம் பேங்க் வழியாகவும் மீதியை ரொக்கமாகவும் கொடுத்தேன். ரசீது 3 லட்சத்துக்கு மட்டும். வரி விஷயம் சார், புரியும் உங்களுக்கு என்றார்கள். எனக்குப் புரியவில்லை, ஆனால் தலையாட்டினேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தபோது பின்னால் நீலப் புகை கிளம்பியது. ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வால்வ் சீல் தேய்ந்து இரவெல்லாம் ஆயில் இன்ஜினுக்குள் வடிந்தால் இப்படித்தான் வரும். இரண்டு நிமிடத்தில் புகை நின்றுவிடும். சூடாக்கி வைத்த இன்ஜினில் தெரியவே தெரியாது. மூன்றாவது வாரம் ஏசி வெறும் காற்றாகிவிட்டது. விற்பதற்கு முன்னால் கேஸ் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த மாடலில் ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் கசிந்தால் அதை மாற்ற டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு பாகத்துக்காகப் பல நாள் கூலி. அப்புறம் சென்ட்ரல் லாக். சாவியைத் திருப்பினால் டிரைவர் கதவு மட்டும் பூட்டும், மற்ற மூன்றும் சும்மா நிற்கும்.

பழைய பென்ஸ்களை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. பின் கதவைத் திறந்து, சீட்டின் அடியில் இருந்த இரண்டு கிளிப்பை அழுத்தி, சீட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். கதவுகளைப் பூட்டும் வேக்குவம் பம்ப் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றி இருந்த ஃபோமை விரலால் சுரண்டிக் காட்டினார். காய்ந்த சேறு.

"எங்கீங்க புடிச்சீங்க இந்த வண்டிய?"

"மெட்ராஸ்லங்க."

"வெள்ளத்துல நின்ன வண்டிங்க இது."

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். பாதிவரை சுத்தம், சுருளுக்குள்ளேயே கிடந்த மீதி பழுப்பு நிறம். கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே கனமான இன்சுலேஷன். தண்ணீர் புகுந்தால் அது ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தை வைத்துக்கொண்டு தரைத் தகட்டைத் தின்னும். கதவுகளுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பட்டையில் ஜாக்கி மாட்டும் துளைக்கு ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே துரு செதில் செதிலாக நின்றது. வெளியே பெயிண்ட் கண்ணாடி மாதிரி. பின் சக்கர வளைவில் ஒரு காந்தத்தை ஒட்டினார், கீழே விழுந்தது. தகட்டின் மேல் பூசியிருந்த பட்டி அவ்வளவு கனம்.

அன்று இரவு வண்டியோடு கொடுத்த ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன். கொடுத்தபோது ஒரு தாளைக்கூடப் புரட்டாதவன். 2015 இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காதவர்களுக்குத் தரும் தள்ளுபடி, 50 சதவீதம். 2016 பாலிசியில் பூஜ்யம். முகவரி கோட்டூர்புரம். 2015 டிசம்பரில் அடையாறு அந்தப் பகுதிக்குள் எப்படிப் புகுந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போய் டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கிலும் 1716. அதாவது 2016-இன் 17-ஆவது வாரம். வெள்ளத்துக்குப் பிறகு ஒப்பேற்றியபோது மாட்டியது. பட்டன் நன்றாக இருந்ததற்குக் காரணம், அதற்கப்புறம் வண்டி ஓடவேயில்லை. எல்லாமே என் கையில் இருந்த தாளிலும் ரப்பரிலும் எழுதியிருந்தது!

யார்டின் மேல் போட முடியாத பழி ஒன்றும் உண்டு. 90-களின் தொடக்கத்திலிருந்து நடுப்பகுதி வரை பென்ஸ் தன் இன்ஜின்களில் போட்ட வயரிங்கின் மேலுறை மட்கும் வகைப் பொருள். இன்ஜின் சூட்டில் காய்ந்து உதிரும். பெரியவர் என் வண்டியின் வயர் ஒன்றை லேசாக வளைத்தார், அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே செம்பு தெரிந்தது. வண்டி நிற்கும்போது இன்ஜின் அடிக்கடி தடுமாறியது இதனால்தானாம். இந்தக் கால பென்ஸ் பார்க்கப் போகிறவர்கள் வயரிங் மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. நான் மற்ற விளம்பரங்களைப் பார்த்து, இது ஒரு லட்சம் குறைவு என்று சந்தோஷப்பட்டவன். பெரியவர் கணக்கு வேறு. ஏசிக்கு 55,000, வயரிங்குக்கு 80,000, பம்ப், லாக் வேலைக்கு 18,000, தரைத் தகடு டிங்கரிங் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இதையெல்லாம் கழித்துவிட்டு, "ஒன்றரைக்கு மேல பேசியிருக்கக் கூடாதுங்க" என்றார். அந்த ஒன்றரையிலும் பாதி, புதுப்பேட்டையில் பாகம் பாகமாக விற்றால் வரும் காசு. 82,000 கிலோமீட்டரை அவர் மதிக்கவே இல்லை. பிரேக் பெடல் ரப்பர் ஒரு பக்கம் மொழுக்கென்று தேய்ந்திருந்தது, டிரைவர் சீட் இடது பக்கம் சரிந்திருந்தது. கோயிலுக்குப் போய் வந்த வண்டியில் அப்படித் தேயாது என்றார்.

ஆர்.சி. புதுப்பிப்பும் 2026-இல் வருகிறது. 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏறிவிட்டது. பசுமை வரி தனி. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைக்கத் தரைத் தகடு தேற வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீலைப் பார்த்தேன். டெலிவரி நோட்டைக் கேட்டார். அதன் கடைசி வரியில் "வண்டியை முழுமையாகப் பரிசோதித்து, இருக்கும் நிலையில் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது, கீழே என் கையெழுத்து. அது மட்டுமே முடிவல்ல, வெள்ளத்தை மறைத்தது மறைத்ததுதான் என்றார். ரொக்கமாகக் கொடுத்த 1 லட்சத்து 60 ஆயிரத்தை மட்டும் மறந்துவிடுங்கள் என்றார். நோட்டீஸ் அனுப்பினோம். பதில் இல்லை.

போன வாரம் அதே யார்டின் வீடியோ ஒன்று வந்தது. கறுப்பு நிறத்தில் இன்னொரு டபிள்யூ124, மீட்டரில் 76,000, டாக்டர் வண்டி. மச்சான் நம்பரிலிருந்து கூப்பிட்டு, பின் சீட்டைத் தூக்கி ஒரு போட்டோ அனுப்ப முடியுமா என்று கேட்டேன். எந்த ஊர் சார் நீங்க என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்கள்.