சர்வர்ல பாயிங்க்: ஸ்லோன்னு திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

பாயிங்க் தெரியாதவங்களுக்கு ஒரு வரி, நம்ம மெஷின் சும்மா கிடக்கற நேரத்தை ஆராய்ச்சிக்கு தானமா குடுக்கற சாஃப்ட்வேர், பெர்க்லி யுனிவர்சிட்டில உருவானது. 1999ல வந்த செட்டி அட் ஹோம் (வேற்று கிரகத்து சிக்னல் தேடுற ப்ராஜெக்ட்) வழியா நிறைய பேருக்கு இந்த சமாச்சாரம் பழக்கம், அது 2020 மார்ச்சோட புது வேலை அனுப்பறதை நிறுத்திடுச்சு, ஆனா ஐன்ஸ்டீன், ரொசெட்டா மாதிரி மத்த ப்ராஜெக்ட்டுக்கும் இதே பாயிங்க்தான்.

ஸ்க்ரீன் இல்லாத 8 த்ரெட் லினக்ஸ் சர்வர்ல போட்டேன். ஒரு நாள்ல முடியும்னு காட்டுன டாஸ்க் (ப்ராஜெக்ட் அனுப்பற ஒரு துண்டு வேலை) மூணு நாளாகியும் முடியல, சாஃப்ட்வேரே குப்பைன்னு தூக்கிடலாம்னு இருந்தேன், அப்புறம் பாயிங்க்சிஎம்டி-ல (பாயிங்க்கை கமாண்ட் அடிச்சு கண்ட்ரோல் பண்ற டூல்) ஸ்டேட்டஸ் கேட்டா "சிபியு பிஸி, அதனால நிறுத்தி வச்சிருக்கேன்"ங்குது! வேற வேலை 25 பர்சென்ட்டுக்கு மேல சிபியு எடுத்தா இது ஒதுங்கி நிக்கணும்னு செட்டிங்ல இருந்துச்சு. வீட்டு கம்ப்யூட்டருக்கு அது சரிதான், ராத்திரி பகலா டேட்டாபேஸ் ஓடற சர்வர்ல எப்ப இதுக்கு டர்ன் வரும்? அதை 0 ஆக்குனா அந்த கட்டுப்பாடே போயிடும். எப்படியும் லினக்ஸ்ல சிபியு டாஸ்க் எல்லாம் நைஸ் 19லதான் ஓடும், அதாவது வரிசைல கடைசி ஆள், அதனால டேட்டாபேஸ் பெருசா பாதிக்கல.

ரெண்டாவது தப்பு முழுக்க என்னோடது. சூடு ஏறக்கூடாதுன்னு கோர்ல 50 பர்சென்ட், சிபியு டைம்லயும் 50 பர்சென்ட்னு வச்சிருந்தேன், பாதில பாதி கால்தானே, இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆச்சு. டாப்ல (எந்த ப்ரோக்ராம் எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு காட்டுற லினக்ஸ் கமாண்ட்) பாத்தா டாஸ்க் 100 பர்சென்ட்டுக்கு ஏறும், உடனே படுத்துக்கும், திரும்ப ஏறும். டைமை 100ல விட்டுட்டு கோரை மட்டும் குறைங்க. ஓவர்ரைடு ஃபைலை (இந்த மெஷினுக்கு மட்டும்னு நம்ம வைக்கற செட்டிங் இருக்கற ஃபைல்) மாத்துனா அதை திரும்ப படிக்கச் சொல்லி கமாண்டும் குடுக்கணும், நான் ஃபைலை மட்டும் மாத்திட்டு எதுவுமே நடக்கலன்னு உக்காந்திருந்தேன்.

இன்னும் ஸ்லோவா இருந்தா டாஸ்க் லிஸ்ட்ல கடிகார நேரத்தையும் சிபியு நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருந்தா வேற யாரோ சிபியுவை சாப்பிடறாங்க, இல்ல ராம் பத்தாம ஸ்வாப்ல (ராமுக்கு பதிலா டிஸ்க்கை யூஸ் பண்றது) தவிக்குது. வாடகை விபிஎஸ்ஸா (ஒரே மெஷினை பல பேர் பங்கு போட்டுக்கற விர்ச்சுவல் சர்வர்) இருந்தா டாப்ல எஸ்டி-ங்கற நம்பரை கவனிங்க, அது ஏறுச்சுன்னா பக்கத்து வாடகைக்காரர் உங்க நேரத்தை எடுத்துக்கறார்னு அர்த்தம், அங்க எந்த செட்டிங் மாத்தியும் பிரயோஜனம் இல்ல (என்னோட இன்னொரு விபிஎஸ்ல இதுதான் கதை, தூக்கிட்டேன்). ரெண்டு நேரமும் ஒட்டி வந்தும் மெதுவா இருந்தா ஹைப்பர் த்ரெடிங் காரணமா இருக்கலாம், ஒரே கோரை ரெண்டு டாஸ்க் பங்கு போட்டா ஒவ்வொண்ணும் லேட்டாத்தான் முடியும், மொத்தமா பாத்தா வேலை குறையறதில்ல, அதைப் பாத்து பயப்படாதீங்க. ஆரம்பத்துல காட்டுற "மீதி நேரம்" வெறும் ஊகம், கொஞ்சம் டாஸ்க் முடிஞ்சப்புறம்தான் அது ஓரளவு நம்பற மாதிரி வரும்.

ரிமோட்டா கண்ட்ரோல் பண்ற போர்ட் 31416, கணக்குல வர்ற பை (3.1416) நம்பராம், ரசிச்சேன். ஆனா அதை இன்டர்நெட்டுக்கு திறந்து விட்டுடாதீங்க, எஸ்எஸ்எச் (பாதுகாப்பான ரிமோட் லாகின்) வழியாவே போங்க.

5க்கு 4 ஸ்டார். ஒண்ணு குறைச்சது, சர்வர்ல போடறவங்களுக்குன்னு தனியா ஒரு செட்டிங் செட் இல்லாததுக்கு. இப்ப அதே மாதிரி டாஸ்க் ஒரு நாளைக்குள்ள முடிஞ்சுடுது.