கில்கென்னியில் ஓர் ஈவென்டிங் குதிரை: விற்பனைப் பண்ணை பற்றிய மதிப்பீடு
டிரெசாஜ் (ஓட்டுபவரின் சைகைக்கேற்ப ஒழுங்காக நடைபோடுதல்), கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடுதல்), ஷோ ஜம்பிங் (மைதானத்தில் கம்புத் தடைகளைத் தாண்டுதல்) ஆகிய மூன்றிலும் ஒரே குதிரை ஈடுகொடுக்க வேண்டிய ஈவென்டிங் போட்டிக்காக, அயர்லாந்தின் கில்கென்னி வட்டாரத்திலுள்ள விற்பனைப் பண்ணை ஒன்றில் ஏழு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். ஐரிஷ் டிராஃப்ட் இனத்தின் நிதானமும் பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டின் வேகமும் கலந்த ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ் வகையைச் சேர்ந்தது அது.

மணல் மைதானத்தில் ஓட்டிக் காட்டியது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அதை வைத்து முடிவு செய்ய இயலாது. தண்ணீர், பள்ளம், சரிவில் கிடத்திய மரம் என எல்லாவற்றிலும் என்னையே ஏறி ஓட்ட அனுமதித்தது பண்ணையின் பெரிய நிறை. கிராஸ் கன்ட்ரித் தடைகள் பெரும்பாலும் இடித்தால் விழாதவை என்பதால், தாவும் தூரம் தவறும்போது தானே கால்வைப்பைத் திருத்திக்கொள்ளும் குதிரைதான் ஓட்டுபவரைக் காப்பாற்றும். இது இரண்டு முறை அப்படிச் செய்தது. ஷோ ஜம்பிங்கில் மட்டும் கம்புகளை அலட்சியமாகத் தட்டுகிறது. பழக்கினால் திருந்தும் என நம்புகிறேன்.

விலை பேசி முடிக்கும்வரை கால்களின் எக்ஸ்ரே படங்களைக் காட்டாதது குறை. வாங்குமுன் குதிரையின் உடல்நிலையைப் பார்க்கும் ஐந்து கட்டப் பரிசோதனை நடத்தி, வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருக்கிறார்களா என்றறிய இரத்த மாதிரியும் எடுக்க, அவர்களுக்கு வழக்கமான கால்நடை மருத்துவரையே பரிந்துரைத்தார்கள்; நான் மறுத்து, வேறொருவரை அமர்த்தினேன்.