நாலு முனை ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கம் இரண்டு முனைக்குப் பதில் நான்கு முனை இருக்கிறதா? யாராவது ‘பை-வயரிங் பண்ணிடலாம் சார்’ (அதாவது மேல் ஜோடி முனைக்கும் கீழ் ஜோடி முனைக்கும் தனித்தனி வயர்) என்று ஆரம்பிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 13,200 ரூபாய். காசுகூடப் பரவாயில்லை. நாலு மாதம் கெட்டுப்போன சத்தத்தைக் கேட்டு ‘ஆஹா’ என்று தலையாட்டினேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

என்னுடையது ஹாலில் இருக்கும் சாதாரண செட். ஒரு ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), பெட்டிக்கு பேஸ் எனும் கனத்த சத்தத்துக்கு ஒரு ஊஃபர், ட்ரெபிள் எனும் மெல்லிய சத்தத்துக்கு ஒரு ட்வீட்டர் கொண்ட 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. பின்னால் மேலே ஒரு சிவப்பு-கறுப்பு, கீழே ஒரு சிவப்பு-கறுப்பு. மேலையும் கீழையும் இணைக்க பொன்முலாம் பூசிய சின்னத் தகடுகள் இரண்டு, ஜம்பர் என்பார்கள். ஏழு வருஷமாக அந்த ஜம்பரோடு, சாதாரண வயரில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தது.

நான் கடைக்குப் போனதே வயர் நுனியில் மாட்டி முனையில் செருகும் பனானா பிளக் நாலு வாங்கத்தான். கடை சென்னையில் இருக்கிறது, பெயர் வேண்டாம். ‘எந்த மாதிரி டெர்மினல் சார்?’ என்று கடைக்காரர் கேட்டதால் போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். பட்டுப் புடவையை வாஷிங் மெஷினில் போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “இவ்வளவு நல்ல ஸ்பீக்கரை வெச்சுக்கிட்டு ஜம்பர்லயா சார் ஓட்டுறீங்க?”

பேஸுக்குத் தனி வழி, ட்ரெபிளுக்குத் தனி வழி, பவர் இரண்டு மடங்கு என்றார். நாலு கம்பி உள்ள கேபிள், சுத்தமான செம்பு, மீட்டர் 1,450 ரூபாய். பக்கத்துக்கு 3 மீட்டர் வீதம் 6 மீட்டர், 8,700. பனானா பிளக் 12, ஒன்று 250 வீதம் 3,000. வீட்டுக்கு வந்து மாட்ட 1,500. “பில் வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் சார்” என்றார். வேண்டாம் என்று எஸ்டிமேட் சீட்டோடு வந்தேன். இது முழுக்க என் தப்பு.

மறுநாள் ஒரு தம்பி வந்து இருபது நிமிஷத்தில் மாட்டிவிட்டு, வால்யூமை ஏற்றி ஒரு பாட்டு போட்டார். “வித்தியாசம் தெரியுதா சார்?” தெரிந்தது, பொய் சொல்லவில்லை. சத்தம் பெட்டியை விட்டு வெளியே வந்து சுவர் முழுக்கப் பரவியதுபோல் இருந்தது. “கேபிள் 100 மணி நேரம் ஓடணும், அப்புறம் இன்னும் நல்லாத் திறக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் 100 மணி நேரம் என்பது ஐம்பது நாள். எஸ்டிமேட் சீட்டின் அடியில் ‘7 நாளுக்குள் மட்டும் மாற்றித் தரப்படும்’ என்று ரப்பர் ஸ்டாம்ப். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நாலு மாதம் ஆனது.

கண்டுபிடித்தது என் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சேரி ஓடிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: “ஏங்க, பாடுறவங்க குரல் நடுவுல இருக்கு, ஆனா பல்லு மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கே?”

சிரித்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். சரிதான். குரல் நடுவில் நின்றது. ‘ச’, ‘ஷ’ வருகிற இடமெல்லாம் எங்கோ பக்கவாட்டில் சிதறியது. பழைய மோனோ பதிவு ஒன்றைப் போட்டேன். மோனோ என்றால் இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம்தான் போகிறது. நடுவில் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வரவேண்டும். கனத்த சத்தம் அப்படி நடுவிலிருந்து வந்தது, மெல்லிய சத்தம் அப்படி வரவில்லை.

டார்ச்சும் மல்டிமீட்டருமாக ஸ்பீக்கருக்குப் பின்னால் படுத்தேன். கேபிளில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு, பச்சை என்று நாலு கம்பி. ஆம்ப் பக்கம் சிவப்பும் வெள்ளையும் பிளஸ், கறுப்பும் பச்சையும் மைனஸ். வலது ஸ்பீக்கரில் வண்ணமெல்லாம் சரி, ஆனால் ஜம்பர் கழற்றப்படவே இல்லை. அதாவது அங்கே பை-வயரிங் நடக்கவே இல்லை, ஒரே இணைப்புக்கு இரண்டு வயர், அவ்வளவுதான். இடது ஸ்பீக்கரில் ஜம்பரைக் கழற்றியிருந்தார். ஆனால் மேல் ஜோடியில் வெள்ளை கறுப்பு முனையில், பச்சை சிவப்பு முனையில். இடது ட்வீட்டர் தலைகீழ். வலது ட்வீட்டர் காற்றைத் தள்ளும்போது இடது இழுக்கிறது. நான் சொக்கிப்போன அந்தப் ‘பரவல்’ இதுதான்.

இதே மாற்றத்தை ஜம்பர் இருந்த வலது பக்கத்தில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆம்பின் பிளஸ்ஸும் மைனஸும் அந்தத் தகடு வழியாக நேரடியாக ஷார்ட். ஆம்பில் பாதுகாப்புச் சுற்று இருந்தால் அணைந்திருக்கும், இல்லையென்றால் போயிருக்கும். அதோடு, அடுத்து இரண்டாவது ஆம்ப் வாங்கி ‘பை-ஆம்ப்’ செய்யலாம் என்று கடைக்காரர் வேறு ஆசை காட்டியிருந்தார். ஜம்பரைக் கழற்றாமல் மேலே ஒரு ஆம்ப், கீழே ஒரு ஆம்ப் என்று மாட்டினால் இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும். ஜம்பரை மறக்கிற கையில் அந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

பை-வயரிங்கே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்பீக்கருக்குள் சத்தத்தைக் கனத்தது, மெல்லியது என்று பிரித்து அனுப்பும் சுற்று, கிராஸ்ஓவர், இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று ஊஃபருக்கு, ஒன்று ட்வீட்டருக்கு. ஜம்பர் இருந்தால் இரண்டும் ஸ்பீக்கர் முனையில் சேர்கின்றன. பை-வயர் செய்தால் 3 மீட்டர் தள்ளி, ஆம்ப் முனையில் சேர்கின்றன. அதே ஆம்ப், அதே ஸ்க்ரூ. பவர் இரண்டு மடங்கு ஆவதற்கு எங்கேயும் இடமில்லை. மாறுவது இரண்டு பகுதியும் பகிர்ந்துகொள்ளும் வயரின் தடை மட்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 3 மீட்டர் போய்த் திரும்ப 6 மீட்டர், மொத்தம் சுமார் 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? சில கம்பெனிகள் நாலு முனை வைக்கின்றன. டைன்ஆடியோ மாதிரி நல்ல பெயரெடுத்த கம்பெனி ஒரு ஜோடியோடு நிறுத்திக்கொள்கிறது. சரியாகச் செய்தால் கெடுதல் இல்லை, ஆசைப்படுகிறவர்கள் செய்துகொள்ளட்டும்.

சரி, கேபிளாவது நல்ல கேபிளா? பிளக்கைக் கழற்றி முனையைப் புதிதாக வெட்டியபோது வெட்டுவாய் வெள்ளையாக மின்னியது. வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். செம்பு முலாம் போட்ட அலுமினியக் கம்பி, கடைகளில் சிசிஏ என்பார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டினேன், செம்பு உரிந்து வெள்ளை தெரிந்தது. (வெளியே வெள்ளையாக இருந்து சுரண்டினால் சிவப்பு வந்தால் பயப்படாதீர்கள், அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு.) கையில் எடுத்தாலே தெரிந்திருக்க வேண்டும், அலுமினியம் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உறையில் மட்டும் ஓஎஃப்சி, அதாவது ஆக்சிஜன் நீக்கிய செம்பு, என்று கொட்டை எழுத்தில். சிசிஏவிலும் பாட்டு வராமல் போகாது. ஆனால் அதற்கு மீட்டர் 1,450 ரூபாயா?

கடைக்குப் போன் செய்தேன். முதலில் “நீங்க கழட்டி மாட்டினதுல மாறியிருக்கும் சார்”. மாட்டிய அன்றைக்கே பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தப் பேச்சு எழுந்திருக்காது. அடுத்து “கேபிளை வெட்டிட்டீங்க, திரும்ப எடுக்க முடியாது”. மூன்றாவது தடவை, இன்னும் விலை கூடின கேபிள் வாங்கினால் 3,000 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தபோது முதல் கேள்வியே பில் எண். என்னிடம் இருந்தது கடைப் பெயர்கூட இல்லாத சீட்டு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கலாம். உங்களிடம் ஜிஎஸ்டி பில் இருந்தால் விடாதீர்கள். அந்த 18 சதவீதத்துக்கு என் கணக்கில் 2,376 ரூபாய் ஆகியிருக்கும்.

இப்போது வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 செம்பு வயர், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, முறுக்கி மாட்டியிருக்கிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஜம்பர்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. இடது பக்கத்து ஜம்பரை அந்தத் தம்பி ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் போட்டுவிட்டுப் போயிருந்தார், நல்லவேளை. மோனோ பதிவு நடுவில் வந்து நிற்கிறது.

போன வாரம் அதே கடையிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஆம்புக்குப் போடும் பவர் கேபிளாம். ஆடித் தள்ளுபடி, 40 சதவீதம்.